கஷ்டப்படப் போன முத்துமாரி

முத்துமாரி எத்தியோப்பியாவுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் நாட்றம்பள்ளியில் அவளுடைய நாத்தனார் சுந்தரி அழுதாள். அழுவதற்கு நியாயம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் அதுவரை வெளிநாடு போனவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் கஷ்டப்படத்தான் போனார்கள். வெயிலில் நின்றார்கள், ஒரே அறையில் கூட்டமாகப் படுத்தார்கள், இளைத்துக் கறுத்துத் திரும்பினார்கள். நாற்பத்தேழு வயதில் ஒரு பெண் அதற்காகக் கிளம்புகிறாள் என்றால் யாருக்குப் பொறுக்கும்?

முத்துமாரிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. சின்ன வயதில் ஹெல்பராகச் சேர்ந்து, பிறகு மெஷினில் உட்கார்ந்து, இப்போது ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனுக்கு சூப்பர்வைசர். அந்தக் கம்பெனி அடிஸ் அபாபாவுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் புதிதாக ஒரு தொழிற்சாலை தொடங்கியது. அங்கே சேர்ந்த பெண்களுக்குத் தோல் தைக்கப் பழக்க ஆள் தேவைப்பட்டது. யார் போகிறீர்கள் என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டபோது ஆண் சூப்பர்வைசர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். முத்துமாரியின் கை தானாகத் தூக்கிக்கொண்டது. அன்று மாலை கம்பெனி பஸ் வாணியம்பாடி தாண்டும்வரை அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மகள் ஹேமலதாவைக் காட்பாடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இருந்தது அவளும், ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் பச்சையப்பனும்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. போவதென்று ஆன பிறகு யோசனை எதற்கு, சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னான். வெந்நீர் வைப்பதைத் தவிர அவன் அடுப்பைத் தொட்டதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவளோடு அனுப்பப்பட்டவர் ஃபினிஷிங் பிரிவு வக்கார் அகமது, மேல்விஷாரத்துக்காரர், அவளைவிடப் பத்து வயது இளையவர். விமானம் கிளம்பியதிலிருந்து அவர் கண்ணை மூடி ஓதிக்கொண்டே வந்தார். முத்துமாரி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வந்தாள்.

பாலைவனத்தை எதிர்பார்த்துப் பருத்திப் புடவைகளாக அடுக்கிக்கொண்டு போயிருந்தாள். இறங்கினால் குளிர். ஏலகிரிக்கு மேலே இன்னொரு ஏலகிரியைத் தூக்கி வைத்தது போன்ற குளிர். முதல் வாரமே கம்பெனியில் அவளுக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்தார்கள். ஊரில் செருப்பைத் தவிர வேறெதுவும் அவள் போட்டதில்லை. எத்தனையோ நாட்டுக் கால்களுக்குத் தைத்து அனுப்பியவள், முதன்முறையாகத் தன் காலை உள்ளே விட்டாள். அன்று வேலை முடிந்து வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். வேண்டுமென்றே குட்டைத் தண்ணீரில் கால் வைத்துப் பார்த்தாள். நனையவில்லை.

லைனில் பெண்கள் பாடிக்கொண்டே தைத்தார்கள். எதைச் சொன்னாலும் 'ஈஷி' என்றார்கள். சரி என்று அர்த்தம். முத்துமாரியின் ஆங்கிலம் நூல், ஊசி, மெஷின் வரைக்கும்தான் போகும், அவர்களுடையதும் அப்படித்தான். ஆகவே நூல் இறுக்கத்தைக் காட்டிக் காட்டி அவள் 'ஜாஸ்தி', 'கம்மி' என்று தன் பாஷையிலேயே சொல்லிவந்தாள். கொஞ்ச நாளில் லைன் முழுக்க அந்த இரண்டு சொற்களும் பரவிவிட்டன. காபி சாப்பிடும்போது சர்க்கரைக்குக்கூட, "மாரி, ஜாஸ்தி?" என்று கேட்டார்கள். அந்தக் காபிக்கும் அவள் மயங்கிப்போனாள். தரையில் பசும்புல் பரப்பி, கொட்டையை எதிரிலேயே வறுத்து, கூடவே பொரித்த சோளம் வைத்துக் கொடுக்கும் காபி.

சிக்கல் போனில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சுந்தரி கூப்பிட்டு, ரொம்பக் கஷ்டமா என்று கேட்பாள். முதல்முறை, அதெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று முத்துமாரி உண்மையைச் சொல்லிவிட்டாள். அவள் மறைக்கிறாள் என்று நினைத்து சுந்தரி இன்னும் அதிகமாக அழுதாள். அதிலிருந்து, கொஞ்சம் கஷ்டம்தான், பழகிவிடும் என்று சொல்லிவிடுவது வழக்கமாயிற்று. சொல்லும்போது வாய் நிறையச் சோளப்பொரி இருக்கும். நாத்தனாருக்கு அது அழுகையில் அடைத்த குரலாகக் கேட்டது.

அவள் அங்கே போன இரண்டாம் மாதம் லைனில் கெட்டிக்காரியான திகிஸ்த்துக்குக் கல்யாணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வரவேண்டும் என்று அழைத்திருந்தாள். முத்துமாரி மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டி, எவர்சில்வர் டிபன் கேரியரைப் பரிசாகச் சுற்றி எடுத்துக்கொண்டு, வரமாட்டேன் என்ற வக்காரையும் இழுத்துக்கொண்டு, சரியாக ஆறு மணிக்குப் போய் நின்றாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இலை எடுத்த கல்யாண வீடு மாதிரி இருந்தது.

திகிஸ்த் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து ஓடிவந்தாள். மத்தியானத்திலிருந்து மாரிக்காக வாசலையே பார்த்திருக்கிறாள். தன்மேல் கோபம் என்று நினைத்துவிட்டாளாம். பிறகு வானத்தைக் காட்டி விளக்கினாள். அந்த ஊரில் சூரியன் உதிப்பதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். உச்சிவேளைக்குப் பெயர்தான் ஆறு மணி. தொழிற்சாலைக்குள் நம் ஊர்க் கணக்கிலேயே கடிகாரம் ஓடியதால் இது அவளுக்குத் தெரியாமலே இருந்தது. புரிந்ததும் முத்துமாரிக்குச் சிரிப்புப் பொங்கி, நிற்க முடியாமல் பட்டுப்புடவையோடு புல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

மடக்கிய நாற்காலிகளை மறுபடியும் விரித்தார்கள். சாப்பாடு வந்தது, மேளமும் வந்தது. அங்கே ஆட்டம் தோளில்தான். உடம்பு நின்ற இடத்தில் நிற்க, தோள் மட்டும் துள்ளும். முத்துமாரி ஊர்த் திருவிழாவில்கூட ஓரமாக நின்று பார்த்தவள். திகிஸ்த் கையைப் பிடித்து இழுத்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். இத்தனை வருஷம் மெஷின்மேல் குனிந்து வலியெடுத்த தோள்கள். முதலில் வரவில்லை, பிறகு ஏதோ ஒரு அடியில் பிடிபட்டுவிட்டது. சுற்றி நின்ற பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். நம் அம்மன் கோயில்களில் கேட்கும் அதே குலவை. முத்துமாரியும் பதிலுக்கு ஒன்று போட்டாள். பந்தலே எழுந்துகொண்டது.

மணியைப் போலவே வருஷக் கணக்கிலும் அந்த ஊர் ஏழு வருஷம் பின்னால் இருப்பதாக அன்றுதான் சொன்னார்கள். வரும் வழியெல்லாம், அப்படியானால் தனக்கு நாற்பது வயதுதான் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறந்த வருஷமும் ஏழு குறையுமே அக்கா என்று வக்கார் எடுத்துச் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு, இந்த ஊர்க் கணக்கில் நீ இன்னும் காலேஜில் படிக்கிறாய், போய்ப் புத்தகத்தை எடு என்றாள்.

வக்கார் அந்த ஆட்டத்தைப் போனில் பிடித்திருந்தார். மேல்விஷாரத்தில் தன் மனைவிக்கு மட்டும்தான் அனுப்பினார். மறுநாள் மத்தியானம் அது ஆம்பூர் கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது, சாயங்காலம் நாட்றம்பள்ளிக்கும்.

சுந்தரி கூப்பிட்டாள்.

"மாரி, இதான் உன் கஷ்டமா?"

பதிலுக்குக் காத்திராமல் சுந்தரியே, அந்தப் புடவையை எப்போது எடுத்தாய், என்னிடம் காட்டவே இல்லையே என்று கேட்டாள். நாத்தனார் என்ன சொல்வாளோ என்ற பயம் முத்துமாரிக்கு அதோடு போயிற்று.

பச்சையப்பன்தான் கூப்பிடவில்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. அவளாகப் போட்டாலும் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. லைனில் நின்றபடி, கோபமா, அவமானமா என்று நினைத்து நினைத்து, நன்றாகத் தைத்தவற்றையும் பிரிக்கச் சொன்னாள். கடைசியில் அவன் அழைப்பு வந்தபோது மெஷின் சத்தத்தைத் தாண்டி வராந்தாவுக்கு ஓடினாள்.

"பாத்தேன்," என்றான்.

"மாமா, அது கல்யாண வூடு. எல்லாரும் ஆடுனாங்கோ, அதான்..."

"ஸ்டாண்டுல பசங்களுக்குக் காட்டிக் காட்டி போனு சூடாயி நின்னு போச்சு. இன்னிக்குத்தான் ரிப்பேர் பண்ணி வாங்கியாந்தேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ இப்படி சிரிச்சு நான் பாத்ததே இல்ல, மாரி. நான் அங்க வந்தா இன்னா பண்ணுவேன்?"

"இங்கயும் ஆட்டோ இருக்குது மாமா. நம்ம ஆட்டோதான். பஜாஜுன்னே கூப்புடுறாங்கோ."

"அப்ப வர்றேன்."

கம்பெனியில் கேட்டதும் குடும்பத்தோடு தங்க ஒரு வீடு ஒதுக்கினார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் பச்சையப்பன் வந்து இறங்கினான். மறுநாளே தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டைக் கண்டுபிடித்தான். பாஷை தெரியாமலேயே ஒருவனுடைய கிளட்ச் கேபிளைச் சரிபண்ணிக் கொடுத்தான். அதன்பின் அவனுக்கு அந்த ஊரில் தோஸ்த்துகள் முத்துமாரியைவிட ஜாஸ்தி. சமையலும் படிந்துவிட்டது. அங்கத்துப் புளித்த மாவில் தோசை ஊற்றி, இது இங்கத்துக்காரர்களின் இஞ்செரா அப்பமா நம் தோசையா என்று ஸ்டாண்டில் விவாதம் நடத்தினான்.

ஒரு சாயங்காலம் அவளை அழைத்துப்போக ஒரு தோஸ்தின் ஆட்டோவில் தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றான். ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வரும் நேரம், தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது. யாரோ கல்லெறிகிறார்கள் என்று பச்சையப்பன் கையால் தலையை மூடிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். வாசல் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஆலங்கட்டி உருண்டது. பெண்கள் ஷெட்டுக்குள் ஓடினார்கள். முத்துமாரி வெளியே ஓடினாள். குனிந்து இரண்டைப் பொறுக்கி, ஒன்றைத் தன் வாயிலும் ஒன்றை அவன் வாயிலும் போட்டாள்.

"ஐஸு," என்றான் அவன், வாயை மூடாமலே.

நனைந்தபடி ஆட்டோவில் ஏறியதும் அவள், இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று மேனேஜர் காலையில் கேட்டதைச் சொன்னாள்.

"நீ இன்னா சொன்ன?"

"உன்னைக் கேட்டு சொல்றேன்னேன்."

"என்னை இன்னாத்துக்குக் கேக்கற? நாளைக்கே சரின்னு சொல்லிடு," என்றான் பச்சையப்பன். முன்னால் ஓட்ட உட்கார்ந்திருந்த தோஸ்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் 'ஈஷி' என்றான். சக்கரத்தின் கீழ் ஆலங்கட்டி நொறுங்க, ஆட்டோ கிளம்பியது.