அந்தப் பிள்ளை எழுதக்கூடிய அளவு

என் மனைவிக்கு இருதயத்தில் ஒரு வால்வு மாற்றியிருந்தார்கள். உலோக வால்வு. அதில் இரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்கக் குளிசை போட வேண்டும். குளிசை கூடினால் உள்ளே எங்காவது இரத்தம் கசியும். குறைந்தால் வால்வு அடைக்கும். அதனால் அடிக்கடி ஆசுபத்திரிக்குப் போய் இரத்தம் கொடுப்போம். அதைப் பார்த்து, எத்தனை குளிசை என்று எழுதித் தருவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஓர் அறையில் இருந்தோம். எனக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை.

முதலில் டொக்டர்தான் எழுதினார். பிறகு அவருடைய கதிரையில் ஒரு பெண்பிள்ளை இருந்தா. ஆசுபத்திரி மருந்துப் பகுதியில் இருந்து வந்த பார்மசிஸ்ட். மெட்ராஸ்காரி, தமிழ் பேசுவா. டொக்டரோடு ஓர் உடன்பாடு எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறோம், கொஞ்சம் கூட்டுவதும் குறைப்பதும் நானே எழுதலாம், பெரிய மாற்றம் என்றால் அவரைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு விளக்கினா.

வெளியே வந்ததும் மனைவி முகத்தைச் சுளித்தா.

"மருந்து எடுத்துக் குடுக்கிற பிள்ளை. இப்ப டொக்டர் வேலையும் பாக்குதாம்."

"ஊரில டொக்டர் இல்லாத இடத்தில நீர் அப்போதிக்கரியிட்டப் போகேல்லையே?"

"அப்போதிக்கரிக்குத் தலையாவது நரைச்சிருக்கும்."

ஆனாலும் பழகிவிட்டா. டொக்டர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். இந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டீங்க, கீரை சாப்பிட்டீங்களா என்றெல்லாம் கேட்பா. கீரை கூடினாலும் குறைந்தாலும் இரத்தம் மாறுமாம். எங்கள் புட்டைப் பற்றிக் கேட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் மனைவி கிளினிக்கில் அதைப் பற்றிக் கேட்டா. இந்தக் குளிசை வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது, டொக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொன்னா. பஸ்ஸில் திரும்பினோம். இறங்குகிற இடத்தில் மனைவி சொன்னா, "இந்த முறை கந்தசட்டி பிடிக்கப் போறன்."

பிள்ளை வேண்டும் என்று பிடிக்கிற விரதம். எங்கள் ஆட்களில் கடுமையாகப் பிடிப்பவர்கள் ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

அடுத்த முறை கிளினிக்கில் அவவாகவே சொன்னா. "விரதம் வருது பிள்ளை."

"எங்கம்மாவும் சஷ்டி இருப்பாங்க அக்கா. பால், பழம் எடுத்துக்குவாங்க. நீங்களும் அப்படித்தானே?"

"ஓம், ஓம்."

நான் பக்கத்தில் இருந்தேன். "பொய் சொல்லுறா, பிள்ளை. வெறும் தண்ணியிலதான் இருக்கப் போறா."

மனைவி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தா. "ஆறு நாளுமா? அக்கா, சாப்பாடு இல்லாம இந்த மாத்திரை போட்டா ரத்தம் ரொம்ப நீர்த்துப்போயிடும். இது நான் எழுத முடியிற அளவு இல்ல. டாக்டர்கிட்ட கேக்கறேன்."

தொலைபேசியில் கேட்டா. விரதம் கூடாது என்றார் டொக்டர். இருந்தே தீருவேன் என்றால் மூன்றாம் நாள் இரத்தம் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் குறைக்கலாம், முன்னாலேயே குறைத்தால் வால்வு அடைக்கும் என்றார்.

"மூணாம் நாள் கண்டிப்பா வரணும். சரியாக்கா?"

"வாறன்."

மூன்றாம் நாள் அவ போகவில்லை. ஈலிங்கில் கோயிலுக்குப் பக்கத்தில் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் போய்த் தங்கிவிட்டா. அந்தப் பிள்ளை ஷெட்டுக்குப் போன் எடுத்தா. "அண்ணா, இன்னும் வரலயே." முதலாளியிடம் சொல்லிவிட்டு ஈலிங்குக்குப் போனேன்.

மனைவி கோயிலில் தூணோடு சாய்ந்து இருந்தா. உதடு காய்ந்திருந்தது. கையில் தோலுக்குக் கீழே இரத்தம் கட்டின ஒரு நீலக் கண்டல்.

"எழும்பும். ஆசுபத்திரிக்குப் போவம்."

"போனால் சாப்பிட வைப்பினம். இவ்வளவு நாள் இருந்ததெல்லாம் வீணாப் போயிடும்."

"குளிசை?"

"அதெல்லாம் ஒழுங்காப் போடுறன். நான் என்ன விசரியே?"

குளிசையை ஒரு நாளும் விடவில்லை. தண்ணீரோடு போட்டிருக்கிறா. வெறும் வயிற்றில் அது இன்னும் கூடுதலாக வேலை செய்தது. எனக்கு அப்போது அவ்வளவு விளங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். சுற்றி நின்ற பெண்கள், "விடுங்கோ தம்பி, சூரன்போர் முடியட்டும்" என்றார்கள். அவ கையை உருவிக்கொண்டா. "முடிச்சிட்டு வாறன். நீங்கள் வேலைக்குப் போங்கோ."

முடித்தா. அடுத்த நாள் விரதம் முடிக்கிற பாறணைச் சோறு இலையில் வைத்தபோது தலை இடிக்குது என்றிருக்கிறா. ஒரு வாய் உண்டா. பிறகு சரிந்துவிட்டா. தலைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது.

ஆசுபத்திரியில் எல்லாம் செய்தார்கள். கண் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை வார்டுக்கு வந்தா. கட்டில் காலடியில் நின்றா.

"நானே ரெண்டு நாள் நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம்ணா. டாக்டரோட கையெழுத்துப் போட்ட பேப்பர்ல அது இல்ல."

"உமக்கு விட்ட அளவுக்கு நீர் செய்தனீர், பிள்ளை."

 அவ அழுதா. எனக்கு அழுகை வரவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள், விரதத்தை நிறைவாக்கிவிட்டுப் போன புண்ணியவதி, இப்படிச் சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். நான் தலையாட்டினேன்.

எனக்குப் பிள்ளை வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதை அவவுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறா.