கட்டின சேலை

டீச்சர் அந்த மூட்டையைக் கொண்டுவந்தது குழாயில் தண்ணீர் வருகிற நாளில். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வந்தால் முக்கால் மணி நேரம். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்று, "நீங்க பிடிங்கம்மா, நான் நிக்கிறேன்" என்றார். டீச்சரை நிற்கவைத்து நான் தண்ணீர் பிடிப்பதா என்று, பாதிக் குடத்தோடு குழாயை அடைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். மூட்டைக்குள் ஐந்து பருத்திச் சேலைகள், எல்லாம் இறந்துபோன அவருடைய அம்மாவுடையவை. அந்த ஐந்தையும் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு பச்சை நைலக்ஸ் சேலை.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம அம்மாவுக்கு ஒரு வருஷ ஜெபக்கூட்டம். அக்கா வெளிநாட்டுலருந்து வாரா. அம்மா எறந்தப்ப அவளால வர முடியல. முகத்தக்கூடப் பாக்கல. இதுகள வச்சு ஒரு போர்வை தெச்சு அவ கையில குடுக்கணும். முடியுமா?"

பதினோரு நாள் இருந்தது. முடியும் என்று சொல்லிவிட்டு, அவர் தெருமுனை திரும்புவதற்குள் முடியாமல் போனால் என்ன ஆகும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

நான் அப்படித்தான். குக்கர் மூன்று விசில் அடித்ததா நான்கா என்று அடுப்படியில் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, சிலிண்டரை மூடினேனா என்று திரும்பி வருவேன். தைக்கும்போது குண்டூசிகளை எண்ணித்தான் எடுப்பேன், எண்ணித்தான் வைப்பேன். ஒன்று குறைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. போர்வைக்குள் ஊசி தங்கி, படுப்பவர் முதுகில் ஏறுவதுபோல எனக்கே உடம்பு கூசும்.

எங்கள் வீடு ஒரு அறையும் அடுப்படியும். மிஷின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நிற்கிறது. பீரோவைத் திறக்க வேண்டுமானால் மிஷினைத் தள்ள வேண்டும். மிஷினைத் தள்ளினால் மகள் கட்டிலில் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் ஜாக்கெட்டுதான் தைத்துக்கொண்டிருந்தேன். மிச்சத் துணியில் தலையணை உறை, பை, பிறகு ஒட்டுத்துணிப் போர்வை என்று வந்தது. சோறு வேகும் நேரத்தில் நாலு துண்டு, துணி ஊறும் நேரத்தில் நாலு துண்டு. ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து தைத்த நாள் எனக்கு நினைவில்லை.

மூட்டை வந்த மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். கப்பலூர் கம்பெனிக்குக் கிளம்பி, தலையில் ஹெல்மெட்டை மாட்டியபடி என் கணவர் எடுத்துப் பேசியிருக்கிறார். நான் ஈரத்தலையோடு வந்தபோது வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாரு போன்ல?"

"ஒன் டீச்சருதேன். கட்டின சேலைய வெட்ட வேணாமாம். முழுசா அடியில போட்றச் சொன்னாங்க."

"எந்தக் கட்டின சேலை?"

"மூட்ட கட்டியாந்தாங்கள்ல, அதுதேன். வேற என்னத்தக் கட்டுனாங்க?"

"அப்படித்தான் சொன்னாங்களா?"

"ஏத்தா, கம்பெனியில பஸ்ஸர் அடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள போகணும். ஒனக்கு எதச் சொன்னாலும் பத்துத் தடவ சொல்லணுமா? சாவி எங்க?"

சாவி ஹெல்மெட் வாரிலேயே சிக்கியிருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், அன்றைக்கு மட்டும் ஏன் டீச்சரைத் திருப்பிக் கூப்பிடவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கை இன்னொரு தடவை சொல்லித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, "ஒருக்கா சொன்னா மண்டைல ஏறாதா?" என்று அப்போதைய கணக்கு டீச்சர் வகுப்பு முடியும்வரை என்னை நிற்கவைத்தார். எட்டாவதோடு நான் நின்றுபோனதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்வேன். அதுவும் உண்மைதான். ஆனால் படிப்பை நிறுத்தியபோது எனக்கு அழுகை வரவில்லை. டீச்சர் என்று யாரைக் கண்டாலும் எனக்கு இன்றைக்கும் கேள்வி வராது, "சரிங்க டீச்சர்" என்பது மட்டும் வரும்.

அடியில் போடு என்றால் எடுத்து வை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, பச்சை நைலக்ஸ் சேலையை மடித்து, பீரோவின் அடித்தட்டில், ஒரு காகிதம் சுற்றிப் பத்திரமாக வைத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

மற்ற ஐந்தையும் அலசிக் காயவைத்து மறுநாள் கிழித்தேன். பருத்திச் சேலையைக் கத்தரியால் வெட்டினால் இழை கோணிப்போகும். ஓரத்தில் ஒரு வெட்டு போட்டு இரண்டு கையாலும் இழுத்தால் நேராகப் பிளந்து வரும். அதனால் எடுத்த சேலையை முழுக்கவும் முழ அகலப் பட்டைகளாகக் கிழித்து அடுக்கிவிடுவது என் வழக்கம். இடையில் பால் பொங்கினாலும், கியாஸ்காரர் வந்தாலும் அளவு தப்பாது. சந்தன நிறத்தில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று இருந்தது. மற்றவற்றைவிட மெலிந்து, கைக்கு இதமாக இருந்தது. அதைக் கிழிக்கும்போது சத்தம்கூட அதிகம் வரவில்லை. நல்ல துணி என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் மேல்பக்கம் முழுவதும் சேர்த்தாயிற்று. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. கீழே நான் வழக்கமாகப் போடுகிற காடாத்துணி. மூன்றையும் தரையில் விரித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"கட்டின சேலைய அடியில போட்டுட்டீங்களாம்மா?"

"போட்டுட்டேன் டீச்சர். பத்திரமா இருக்கு."

"ரெண்டா மடிச்சா ஓராள் போர்வைக்குச் சரியா வரும்னு நெனச்சேன். வந்துச்சா? அம்மா கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கட்டிட்டுப் போன சேலை அது. அதுல கத்தரி படாது, முழுசா அப்படியே இருக்கும்னு அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அந்த அரக்குக் கரை ரெண்டு ஓரத்துலயும் தெரியுதுல்ல?"

முழங்காலுக்கு அடியில் ஒரு குண்டூசி ஏறியது. எனக்கு வலிக்கவில்லை.

"தெரியுது டீச்சர்" என்றேன்.

கட்டின சேலை என்றால் அம்மா உடம்பில் கட்டியது. அடியில் என்றால் போர்வையின் அடிப்பக்கம். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது? சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். போர்வையைப் பார்த்தேன். சந்தனத் துண்டுகள் இருபத்துநாலு, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிரித்துக்கொண்டு இருந்தன. மிச்சப் பட்டைகள் கட்டிலுக்கு அடியில் சுருட்டிக் கிடந்தன.

காலேஜிலிருந்து வந்த மகள், "என்னம்மா, மூஞ்சி வெளக்கெண்ண குடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்பாவாலதான?"

"அப்பா சொன்னதச் சொன்னாரு. நான் கேட்டுருக்கணும்."

"டீச்சருக்குப் போன் போடு. இப்பவே."

போடவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளுக்குப் போனேன். நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் சந்தன நிறத்தில் அரக்குக் கரை கிடைத்தது. கரை ஒரு நூல் அகலம் கூடுதல், அவ்வளவுதான். "யாருக்குக்கா, அம்மாவுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கஞ்சி போக அலசினேன். மறுபடி சூடான தண்ணீரில் ஊறவைத்து, கல்லில் தேய்த்து, பழசாக்கப் பார்த்தேன். புதுச்சேலையின் மினுக்கு போகவே இல்லை.

சனிக்கிழமை காலை அதை மாடிக்கொடியில் இரண்டாவது தடவையாகக் காயப்போட்டுவிட்டு இறங்கினால், வாசலில் டீச்சர்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு ஆளுக வந்துருவாங்க. அதான் இன்னைக்கே ஒருக்கா பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

அவருக்கு வழிவிட்டு நகர்ந்தேன். போர்வை கட்டிலில் விரித்திருந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, முதலில் மேலேதான் பார்த்தார். சுங்குடித் துண்டைத் தொட்டார். பிறகு ஒரு சந்தனத் துண்டின் மேல் கை நின்றது. அடுத்ததைத் தொட்டார். அதற்கடுத்ததையும். ஒரு மூலையைத் திருப்பிப் பார்த்தார். காடாத்துணி.

நான் சுவரோடு நின்றேன். மாடியில் காய்வதை இறக்கிக்கொண்டு வந்து, இதுதான் டீச்சர் அம்மா சேலை, போர்வையில் இருப்பது வேறு துணி, கடையில் வாங்கியது என்று சொல்லிவிடலாம். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டேன்.

"கிழிச்சிட்டேன் டீச்சர். மூட்ட கட்டின சேலைன்னு நெனச்சுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. பீரோவைத் திறக்க மிஷினைத் தள்ளினேன். அது கட்டில்காலில் இடித்துக்கொண்டு நின்றது. அடித்தட்டிலிருந்து பச்சை நைலக்ஸை எடுத்துக் காட்டினேன். காகிதம் சுற்றி, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. டீச்சர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துப் போன்ல கேட்டப்ப ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன். இதே மாதிரி ஒரு சேலைய வாங்கித் தொவச்சு மாடியில காயப்போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"ஒங்கள ஏமாத்தத்தேன்."

அவர் நைலக்ஸ் சேலையின் காகிதத்தைப் பிரித்து, மறுபடி சுற்றினார். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"அந்தப் புதுச அடியில வச்சுத் தெச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்" என்றார். "எங்க அம்மா சேலை எதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. இல்ல?"

தலையாட்டினேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து மிச்சப் பட்டைகளை இழுத்து முன்னால் வைத்தேன். முந்தானையும், ஏழு பட்டையும் முழுதாக இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கரையோடு கரை சேர்த்து, கணக்குப் போடுகிறவர் போல அளந்து பார்த்தார்.

"ஒட்டுப் போட்டா அடிப்பக்கத்துக்கு எட்டுமா?"

"எட்டும் டீச்சர். குறுக்கால ஏழு தையல் தெரியும்."

"தெரியட்டும். ஆனா அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க."

அன்றைக்கு எங்கள் வீட்டில் இட்லிமாவு புளித்துப் பொங்கி வழிந்தது, யாரும் கவனிக்கவில்லை. மகள் சோறு வடித்தாள். கம்பெனியிலிருந்து வந்த கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் சொன்னது ஒண்ணு, அவுக சொன்னது ஒண்ணா போச்சே" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தானாகவே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு காடாவைப் பிரிக்க உட்கார்ந்தார். அவருடைய விரல்கள் தடிமன். ஊசியை எடுக்கத் தெரியாமல் திணறினார். "இம்புட்டு ஊசியா குத்துவ?" என்றார். நூற்றுப்பத்து குத்தியிருந்தேன். நூற்றுப்பத்தும் திரும்பி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டீச்சர் வீட்டில் இருந்தேன். ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா உள் அறையில் இருந்தார். டீச்சரைவிட உயரம், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். போர்வையை வாங்கியதும் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே திருப்பினார்.

"முழுசா இருக்கும்னு சொன்னியேடி. ஏன் இத்தனை ஒட்டு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. கட்டின சேலை, மூட்டை, பீரோ என்று முன்னுக்குப் பின்னாக உளறினேன். கடையில் வாங்கியதையும் சொன்னேன்.

"கடைசியா அம்மா எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "அந்தச் சேலைய முழுசா விரிச்சுப் பாக்கணும்னு நெனச்சிருந்தேன். அவ்ளோதான்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்கா போர்வையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

நான் கிளம்பியிருக்கலாம். பின்வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தேன். பாட்டு, வேதவாசிப்பு, மறுபடி பாட்டு. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியில் இருந்த போர்வையில் ஒரு தையலின் மேல் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. அவசரத்தில் போட்ட தையல் அது. மிஷினின் நூல் நடுவில் ஒரு தடவை அறுந்தது. முடிச்சுப் போட்டேனா என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

கூட்டம் முடிந்து தட்டுகளில் கேக் வந்தது. அக்கா நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இங்க பிரிஞ்சிருச்சு" என்றார். கரைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வாய் விட்டிருந்தது. "ஊசி நூல் வச்சிருக்கீங்களா?"

கைப்பையில் இருந்தது. எடுத்தேன். நூல் ஊசிக்காதில் ஏறவே இல்லை. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பிறகு பிரிந்த இடத்தின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையாலும் பிடித்து, துணி சுருங்காதபடி எனக்காக இழுத்துக் கொடுத்தார்.

"குத்துங்க" என்றார். "பிடிச்சிருக்கேன்."