வெங்காய வியாபாரியும் ஒரு வினைச்சொல்லும்

கலேவெல சந்தையில் முஸம்மிலிடம் வெங்காயம் வாங்கினால் ஜெர்மன் பாடம் இலவசம் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பாதிதான் உண்மை. அவருக்கு வாயில் நிற்கும் ஜெர்மன் பெரும்பாலும் ஒரே வினைச்சொல்.

சாக்கின் வாயைச் சுருட்டி, சணல் நூலைப் பல்லால் இழுத்து, "பிண்டன்" என்றபடி முடிச்சுப் போடுகிறார். கட்டுதல் என்று பொருள். சம்பந்தம் பேசப் போனவர் குடும்பம் விசாரிப்பதுபோல் அந்தச் சொல்லை விசாரித்து வைத்திருக்கிறார்.

"இங்கிலீஷ்ல பைண்ட், ஸ்வீடன்ல பிண்டா. எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்க. உம்மா பேரு பிண்டனன்."

அந்த உம்மாவை, அதாவது தாய்ச்சொல்லை, எந்த ஏட்டிலும் கண்டவர் இல்லை. பிள்ளைகளின் சாயலை வைத்து அறிஞர்கள் வரைந்த முகம் அது. அவளுக்கும் மூத்த தலைமுறையில் ஒரு கிளை பிரிந்து இந்தப் பக்கம் வந்ததாம்.

"சிங்களத்துல கட்டுறதுக்கு 'பந்தினவா'ன்றாங்களே, அதுவும் சொந்தம். நம்ம 'பந்தம்' சமஸ்கிருத வீட்டிலருந்து வந்த மருமக."

"கல்யாணம் பேசி முடிச்சாச்சா நானா? வெங்காயத்த நிறுங்க" என்றார், முஸம்மிலை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் வாடிக்கையாளர் அழகையா.

முஸம்மிலின் மனைவி நஸ்மியா ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. நாளெல்லாம் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன் என்று அவர் போனில் சொன்னபோது வந்த ஜெர்மன் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. கணவர் அங்கே போய்ச் சேர, தொடக்கநிலை ஜெர்மன் தேற வேண்டும். முதல்முறை வாய்மொழித் தேர்வில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும், பெயரைச் சொன்ன கையோடு பிண்டனின் வம்சத்தை விரித்துவிட்டார். தேர்வாளர் நன்றாகச் சிரித்தார், ஃபெயிலும் போட்டார்.

"'என்னைய விட்டுட்டு அந்தச் சொல்லோடயே குடித்தனம் பண்ணுங்க'ன்னு நஸ்மியா ரெண்டு நாள் பேசல்ல."

போன மாதம் மறுபடி தேர்வுக்குப் போனார். "இந்த மொற பேரு, ஊரு, தொழில், பொண்டாட்டி. அதோட வாய மூடிட்டேன். என்ன விக்கிறீங்கன்னு கேட்டாங்க, வெங்காயத்துக்குத்தான் சொல்லு வரல்ல."

"வெளங்கும்!" என்றார் அழகையா.

"உரிச்சா அழுகை வரும்னு நடிச்சுக் காட்டினேன். தலையாட்டினாங்க."

தேர்வு முடிவை இன்று கொழும்பிலிருந்து போனில் சொல்வதாக இருந்தார்கள். அவர் பாட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் அவருடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தராசின் பக்கத்தில் போன் அதிர்ந்தது. கொழும்பு எண்.

"எடுங்க நானா!" என்றார் அழகையா.

முஸம்மில் உள்ளங்கைகளை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தார். சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை பூட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நேராக எழுந்து நின்றார். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.