தலைப்பிள்ளைப் பேறும் ஒரு ஜனாதிபதி வேட்பாளரும்

"இல்லை, அந்தாள் முற்போக்கு இல்லை. அதை நான் எப்பவோ சொல்லிப்போட்டன்."

உருத்திரமூர்த்தியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முன்னால் நின்ற பிரெஞ்சுக்கார அம்மா ஒரு லீக்ஸ் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் வந்த தீர்ப்பு அந்தக் கட்டைப் பற்றியதென்று நினைத்தாரோ என்னவோ, அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாயிரத்து மூன்று ஒக்டோபர் மாதம். மொன்றியல் நகரத்து ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியரின் காய்கறிக் கடை. பதினேழு வருடமாக உருத்திரமூர்த்தி அங்கேதான் நிற்கிறார். லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தாளின் வேரையும் தலையையும் வெட்டித் துப்புரவாக்கிக் கட்டுவது அவர் வேலை. எதிர்ப்பக்கத்தில் கரட் கழுவுகிறவர் மன்னார்ப் பத்திநாதர். உருத்திரமூர்த்தியைவிட மூன்று வயது இளையவர், வாயில் மூன்று வயது மூத்தவர்.

'அந்தாள்' என்றது எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஆளுநராக இருந்த ஒரு டொக்டரை. இப்போது அவர் அமெரிக்க ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட இறங்கியிருந்தார்.

"ஈராக் சண்டை வேண்டாமெண்டு நெஞ்சை நிமித்திச் சொன்ன மனிசன்," என்றார் பத்திநாதர். "அது முற்போக்கு இல்லாட்டி வேறை என்ன, அண்ணை?"

"துவக்கு, துப்பாக்கிச் சங்கக்காரர் அவரை எத்தினை தரம் நல்ல பிள்ளையெண்டு சொன்னவங்கள்? அதையும் கதையுமன்."

"சரி, வைத்தியத்தை எடுங்கோ. அந்த மாநிலத்திலை ஏறக்குறைய எல்லாப் பிள்ளையளுக்கும்…"

"பிள்ளையளுக்கு! பிள்ளைத்தாச்சியளுக்கு! தேப்பன்காரன் என்ன, கல்லோ? அவனுக்குக் காய்ச்சல் வராதோ? அது அரைச் சீர்திருத்தம், பத்திநாதர். இஞ்சை பாரும். கிழடு, குஞ்சு, வேலை இருக்கிறவன், இல்லாதவன், எல்லாருக்கும் ஒரே வைத்தியக் காட்."

"ஓம் அண்ணை. உங்கடை முழங்கால் ஒப்பரேசனுக்கு எப்ப நாள் தந்தவங்கள்?"

"ஒக்டோபர்."

"இது ஒக்டோபர்தானே?"

"அடுத்த ஒக்டோபர்," என்று உருத்திரமூர்த்தி ஒரு லீக்ஸின் தலையை ஒரே போடில் எடுத்தார்.

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சப் படிப்பெல்லாம் கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலில். அங்கே இருபது பேர் இலை சுருட்ட, ஒருவர் மட்டும் நடுவில் இருந்து பேப்பரை உரத்து வாசிப்பார். மாஸ்கோப் பக்கமா பீக்கிங் பக்கமா என்று கொட்டில் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கும், ஆனால் ஒரு கையும் நிற்காது. அந்தப் பழக்கம் அவருக்கு ஒட்டிப்போயிற்று. கை ஓடினால்தான் வாய் ஓடும். வீட்டில் கதிரையில் சும்மா இருத்திவைத்து அரசியல் கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்பார். சந்தையில் கத்தியைக் கையில் கொடுத்தால் உலகத்தில் ஒரு தலைவனும் தப்பமாட்டான்.

எனவே சந்தையில் எல்லோரும் இதைக் கொள்கைச் சண்டை என்றே நினைத்தார்கள். உண்மை வேறு.

அவருடைய ஒரே மகள் தனுஷா, கலியாணம் முடித்து வெர்மொன்டில் பேர்லிங்டன் என்ற ஊரில் இருந்தாள். மொன்றியலிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம். அந்த ஆவணியில் தனுஷா ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சி. புரட்டாதியில் மருமகன் ஆரூரனுக்குக் கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை போயிற்று. அமெரிக்காவில் வேலை போனால் வைத்தியக் காப்புறுதியும் சேர்ந்து போகும். செய்தி கேட்ட உருத்திரமூர்த்தி வெளியில் கவலைப்பட்டார், உள்ளுக்குள் தொட்டில் வாங்கினார்.

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது அவருடைய சனத்துக்கு எழுதாத சட்டம். பார்க்-எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்த தன் வீட்டின் சின்ன அறைக்கு அவரே மஞ்சள் பெயின்ட் அடித்தார். முழங்கால் நோக நோக அடித்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத் தூளுக்கு வறுக்க மனைவி பாலாம்பிகை மல்லியும் மிளகும் எடுத்து வைத்தாள். பிறகு மகளின் தொலைபேசி வந்தது.

"அப்பா, நான் வரத் தேவையில்லையாம். இஞ்சை மாநிலமே எல்லாம் பாக்குமாம். எனக்கும் பிள்ளைக்கும். பேப்பர் நிரப்பிக் குடுத்தாச்சு."

"ஆர் பிள்ளை அப்பிடிச் சொன்னது?"

"ஜனாதிபதிக்குக் கேக்கிறாரே ஒரு டொக்டர், அவர் ஆளுநரா இருக்கேக்கை பெருப்பிச்ச திட்டம்."

"இஞ்சையும் சும்மாதானே பாப்பாங்கள்."

"என்ரை மொன்றியல் வைத்தியக் காட் முடிஞ்சு ரெண்டு வரியமாப் போச்சு, அப்பா. நான் இப்ப அங்கத்தை ஆள் இல்லை."

ஏழைபாழைக்கு இலவச வைத்தியம் வேண்டுமென்று கொட்டில் காலத்திலிருந்து கத்தியவர் உருத்திரமூர்த்தி. அது கடைசியில் தன் மகளுக்கே கிடைத்து, அதனால் தன் வீட்டுத் தொட்டில் வெறுமையாகக் கிடக்கும் என்று அவர் நினைத்தும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் சந்தைக்கு வந்ததும் வராததுமாக அந்த டொக்டர் முற்போக்கு இல்லை என்று அறிவித்தார். அந்தக் கிழமைக்குள் முதலாளி, பத்திநாதர், மிளகாய் வாங்க வந்த இரண்டு பேர், எல்லோருக்கும் முன்னால் இன்னொன்றும் சொல்லிவிட்டார்:

"அந்தாள் ஆண்ட மண்ணிலை நான் கால் வைக்கமாட்டன். இது வாக்கு!"

மார்கழி பிறந்ததும் பாலாம்பிகை சரக்குத் தூளோடு தனியே பஸ் ஏறினாள். பதினெட்டாம் திகதி பெண்பிள்ளை பிறந்தது. அன்றைக்கு லீக்ஸ் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் உருத்திரமூர்த்தி ஒரு கிளமென்டைன் தோடம்பழம் கொடுத்து, "பெத்தி ஃபீய், பெத்தி ஃபீய்" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பேத்தி பிறந்ததைச் சொன்னார். முதலாளி தோடம்பழப் பெட்டியைப் பார்த்தார், இவருடைய முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பேத்தியின் படம் தபாலில் வந்தபின், அதைப் பார்க்காமல் வாங்க வந்தவர்களும் தப்பவில்லை, வெறுமனே வழிகேட்டு வந்தவர்களும் தப்பவில்லை.

"இன்னும் போய்ப் பாக்கேல்லையோ அண்ணை?" என்று பத்திநாதர் கேட்டார்.

"பிள்ளை பெத்த துடக்கு. முப்பத்தொரு நாள் கழியட்டும்."

"என்னது? துடக்கோ?" பத்திநாதர் கரட் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "ஊருலகத்துக்கெல்லாம் முற்போக்கு அளக்கிற மனிசன் துடக்குப் பாக்கிறாராம்! அந்த டொக்டர் கேள்விப்பட்டால் உங்களுக்கு ஒரு வோட்டும் போடமாட்டார்."

"வாயைப் பொத்தும். கரட்டைக் கழுவும்."

ஆனால் முப்பத்தொன்று நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தை பிறக்க இருந்த நேரம் பாலாம்பிகை தொலைபேசியில் வந்தாள்.

"சனிக்கிழமை முப்பத்தொண்டு. தெரியுந்தானே?"

"தெரியும்."

"பெட்டை நாளுக்கு நாலு தரம் கேக்கிறாள், அப்பா என்னிலை கோவமோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? ஜனாதிபதித் தேர்தலிலை கோவமெண்டோ?"

உருத்திரமூர்த்தி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பிள்ளையின்ரை காதிலை பேர் சொல்லத் தேப்பனைத் தவிர ஒரு ஆம்பிளை வேணும். மருமகன்ரை சிநேகிதன் ஒரு வெள்ளைப் பெடியன் இருக்கிறான், நல்ல பெடியன். அவனைக் கேப்பமெண்டு இருக்கினம்."

"ஆர் அவன்?"

"அந்த டொக்டருக்கு வீடு வீடா நோட்டீஸ் குடுக்கிறவன்."

அடுத்த நாள் உருத்திரமூர்த்தி வெட்டிய லீக்ஸ் ஒன்றுக்காவது ஒழுங்கான தலை இல்லை. பத்திநாதர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாக்குவாதத்திலும் தோற்றறியாத மனிதர் அவர். மதத்திலும் விடமாட்டார், மழை வருமா என்பதிலும் விடமாட்டார். அன்றைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"அண்ணை, நான் இரவிரவா யோசிச்சுப் பாத்தன். நீங்கள் சொன்னதுதான் சரி. அந்தாள் முற்போக்கே இல்லை."

உருத்திரமூர்த்தி நிமிர்ந்தார். மூன்று மாதமாகக் காத்திருந்த வெற்றி. ஆனால் அவருக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

"அந்தத் திட்டமும் குப்பை," என்றார் பத்திநாதர். "சும்மா பேருக்குச் செய்தது."

உருத்திரமூர்த்தியின் கத்தி நின்றது.

"குப்பையோ? உமக்கு என்ன தெரியும்? பிள்ளை பிறந்து மூண்டாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாய்ப் போய், திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவை. வேலை இருக்கோ, வெட்டி இருக்கோ எண்டு ஒருத்தன் கேக்கேல்லை. ரெண்டு நாள் விளக்குக்குக் கீழை வைச்சுப் பாத்து, வடிவாத் துணியிலை சுத்திக் குடுத்தவங்கள். பேந்து நேர்ஸ் வீடு தேடி வந்து நிறை பாத்திட்டுப் போயிருக்கிறாள். வீடு தேடி! இஞ்சை என்ரை முழங்காலைத் தேடி ஆரும் வந்தவையோ?"

"அப்ப அது முற்போக்கோ, அண்ணை?"

"நேரிலை பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

"அதுதானே. போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

"வாக்குக் குடுத்திட்டன், பத்திநாதர்."

"மண்ணிலை கால் வைக்கமாட்டன் எண்டுதானே சொன்னியள்? அங்கை இப்ப மண் எங்கை கிடக்கு? முழங்காலளவு ஸ்னோ."

உருத்திரமூர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கக்கூடாதென்று பல்லைக் கடித்தார், முடியவில்லை. அன்று பின்னேரமே முதலாளியிடம் ஐந்து நாள் லீவு கேட்டார். தோடம்பழப் பெட்டிக்கு இனி ஆபத்தில்லை என்பதாலோ என்னவோ, முதலாளி உடனே தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை விடியற்பஸ். எல்லையில் அதிகாரி என்ன அலுவல் என்று கேட்டதற்கு அவர் கடவுச்சீட்டோடு பேத்தியின் படத்தையும் நீட்டினார். அதிகாரி படத்தைத்தான் கூட நேரம் பார்த்தார்.

வாசலில் தனுஷா பிள்ளையோடு நின்றாள். ஒருவரும் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. "வெளியிலை குளிருக்கை ஏன் நிக்கிறாய்" என்று மகளை ஏசிக்கொண்டே கையை நீட்டினார் உருத்திரமூர்த்தி. முப்பத்தொன்றுக்கு இன்னும் ஒரு நாள் இருந்ததை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. சனிக்கிழமை பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னவர் அவர்தான். நோட்டீஸ் கொடுக்கும் பெடியனும் வந்திருந்தான். மோதகம் நாலு சாப்பிட்டான். உருத்திரமூர்த்தி ஐந்தாவதும் வைத்தார்.

திங்கள் இரவு அயோவா மாநிலத்தில் டொக்டரின் கட்சிக்காரர் கூடி வேட்பாளருக்கான முதல் தெரிவு நடத்தினார்கள். டொக்டர்தான் வெல்வார் என்று பலர் சொல்லிக்கொண்டிருக்க, அவர் மூன்றாவதாக வந்தார். செவ்வாய் காலையில் சந்தையிலிருந்து பத்திநாதர் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, கேள்விப்பட்டியளோ? ஆள் மூண்டாவது! நீங்கள் அண்டைக்கே சொன்னியள். நீங்கள்தான் வெண்டது!"

உருத்திரமூர்த்தி ஒரு தோளில் தொலைபேசியை இடுக்கி, மறு தோளில் கிடந்த பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"மெல்லக் கதையும், பிள்ளை இப்பத்தான் கண்ணை மூடினவள். அந்தாளிலை ஒரு பிழையும் இல்லை, பத்திநாதர். அயோவாச் சனம் பிற்போக்கு."