சேர்ந்து கூப்பிட்ட பெயர்

செய்தியைக் காதர் பாய்தான் கொண்டுவந்தார். ராசிபுரத்திலிருந்து ஜவுளி எடுக்கச் சேலம் வந்தவர், கல்லூரி வாசலில் குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றார். பாடம் முடித்து நான் வெளியே வந்ததும், "அய்யாவு போயிட்டாருங்க வாத்தியாரே" என்றார். "முந்தாநாள் காலைல. நெய் காய்ச்ச அடுப்புப் பத்த வெச்சிருக்கார். அப்படியே செவுத்துல சாஞ்சுட்டார்." இருவரும் அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வெகுநேரம் பேசவில்லை. அய்யாவுவுக்காக அதைவிடப் பொருத்தமாக வேறு எதையும் செய்திருக்க முடியாது என்று பிறகு தோன்றியது.

ராசிபுரத்து நெய்க்கடை அய்யாவுவை இதைப் படிக்கும் பலர் அறிவீர்கள். கடைக்கு வரும் நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். நல்லதென்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். கலப்படம் என்றால், "வேற எங்காச்சும் காட்டிப் பாருங்க சாமி" என்பார். கோபத்திலும் சாமிதான். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எல்லை கிடையாது. பெரியவர் சாமி. தவழும் குழந்தை சாமி. கோயிலுக்குள் இருப்பதும் சாமி. அய்யாவு தம் மகன் பழனியைப் பெயர் சொல்லி அழைத்து யாரும் கேட்டதில்லை. தாயை இழந்த பையன். அவருக்கு அவன் சாமி.

வாசகசாலை மாடியில், சந்தைக்கு மறுநாள் மாலைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். கூட்டுத் தியானம் என்று பெயர். தறிக்காரர்கள், கடைக்காரர்கள், அப்போது அவ்வூர்ப் பள்ளியில் வேலையாயிருந்த நான். தலைவர் கிடையாது. மந்திரம் கிடையாது. சண்டைக் காலம், மண்ணெண்ணெய் கிடைக்காது. ஆகவே விளக்கு இல்லை. சன்னலில் வெளிச்சம் தீரும்வரை உட்காருவது, பிறகு எழுவது. அவ்வளவுதான்.

நான் நம்பிக்கையோடு போனவன் அல்ல. கூட்டத்தில் மனிதன் சிறுத்துப்போகிறான் என்று சென்னையில் சில புத்தகங்களில் படித்திருந்தேன். அது உண்மையா என்று பார்க்கப் போனேன். கண்டது வேறு. என் அறையில் கண்ணை மூடினால் உடனே ஏதாவது வேலை நினைவுக்கு வரும். எழுந்துவிடுவேன். மாடியில் எழவில்லை. ஒருவர் இருமுவார், அடங்கும். ஒருவர் மூச்சு நீளும். பக்கத்தவர் மூச்சும் நீளும். எழுந்தால் எல்லாருடைய அமைதியும் கலையும் என்பதால் நான் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களும் என்னை நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ.

காதர் பாய் முதன்முதலாக வந்த நாள், அய்யாவு மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். பாய் நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டார்.

"எங்க பள்ளிவாசல்ல தோளோட தோள் ஒட்டித்தான் நிக்கோணுங்க. நடுவுல சந்து விட்டா ஷைத்தான் வந்து நின்னுக்குவான்."

"என் சட்டை நெய்யெல்லாம் உங்க சட்டைக்கு வந்துருமுங்க."

"வரட்டுங்க. ஊட்டுக்குப் போனா தாளிச்சாப்பல மணக்கும்."

அய்யாவு சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதற்கு முந்தைய வருஷம் பழனி பட்டாளத்தில் சேர்வதாகச் சொல்லியிருந்தான். அவர் வேண்டாமென்றார். அவன் சேலம் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ள வந்து கடை வாசலில் நின்றான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். "போறவன் போ. இனி இந்தப் படி ஏறாதே" என்றார். அவன் ஏறவில்லை. தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனான். பர்மா எல்லையிலிருந்து சில கடிதங்கள் வந்தன. அய்யாவு பதில் போடவில்லை. பிறகு கடிதங்கள் நின்றன. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. இருந்தாலும் திரும்புவானா? ஏறாதே என்று சொல்லியனுப்பிய படி அது.

கோயிலில் தனியாக வேண்டிக்கொள்வதில்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"போய்ப் பாத்தனுங்க வாத்தியாரே. தனியா நின்னா அவன் வந்து எதுக்கால நின்னுக்கறான். போகவே மாட்டேங்கறான். ஒண்ணும் வேண்ட முடியலை. மாடியில உக்காந்தா வாரான், செத்த நேரம் இருக்கறான், போறான்."

ஒரு மாலை மேகம் கட்டியிருந்தது. வெளிச்சம் சீக்கிரமே தீர்ந்தது. எழப்போகும் நேரம். அய்யாவுவின் குரல், மெல்ல, கடைசியில் சற்று இழுத்து, "சாமீ" என்றது. கடவுளை அழைக்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். "சாமீ" என்றார்கள். மாடி அதிர்ந்தது என்று எழுத மாட்டேன். என் நெஞ்செலும்பில் அதை உணர்ந்தேன், அவ்வளவுதான். அதில் என் குரலும் இருந்தது. வாய் திறக்க வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மறுவாரமும் கூட்டம் அப்படியே முடிந்தது. அதற்கடுத்த வாரமும். இது வழக்கம் என்று யாரும் தீர்மானிக்கவில்லை.

மழைக்காலம் போவதற்குள் ஒரு நாள், எல்லாரும் எழுந்த பிறகு அய்யாவு கைகூப்பி நின்றார்.

"ஒண்ணு சொல்லோணுங்க. அன்னைக்கு நான் தெய்வத்தைக் கூப்பிடலீங்க. எம் பையனைக் கூப்பிட்டேன். ஊட்டுல கூப்பிடறாப்பல வாயில வந்துருச்சு. நீங்க தெய்வம்னு நெனச்சுக்கிட்டுக் கூப்பிடறீங்க. உங்களை ஏமாத்தறாப்பல இருக்குதுங்க."

காதர் பாய்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"அதுதானா சங்கதி. யாரைக் கூப்பிடறோம்னே தெரியாமத்தானுங்க நான் கூப்பிட்டுட்டு இருந்தேன். இப்பத் தெரிஞ்சு போச்சு. பர்மா ரொம்பத் தூரமுங்க. இனிக் கொஞ்சம் பலமாவே கூப்பிடலாம்."

சிரித்தார்கள். "சாமியா, பையனா? யாருக்குக் கேக்குதோ அவங்க வரட்டும்" என்றார் தறிக்காரர் ஒருவர். கூட்டம் இறங்கியது.

அய்யாவு படியில் நின்று எனக்காகக் காத்திருந்தார். "ஏறாதேன்னு சொன்ன வாய்க்கு வான்னு சொல்ல வரலீங்க" என்றார். "தனியா எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன். தொண்டைக்குள்ளயே நின்னுக்குது. அத்தனை பேர் கொரலோட சேந்தா என்னுதும் வெளிய வந்துருது."

கூடிச் செய்யும் பிரார்த்தனைக்கு ஏன் வலு அதிகம் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அது வானத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறதா, தெரியாது. அய்யாவு படியில் நின்று சொன்னது தெரியும்.

சண்டை முடிந்து மாதங்கள் கழித்துப் பழனி வந்தான். காட்டுக் காய்ச்சலில் உருகி, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்திருக்கிறான். படி ஏறவில்லை. தெருவிலேயே நின்றான். அய்யாவு உள்ளே நின்றார். தியானத்துக்கு அவரை அழைத்துப்போக நானும் பாயும் அப்போதுதான் வந்தோம். தகப்பனும் மகனும் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தோம். அய்யாவுவின் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கடையைப் பூட்டினார். இறங்கி, மகனைக் கடந்து, வாசகசாலையை நோக்கி நடந்தார். பழனி தகரப் பெட்டியோடு பின்னால் வந்தான். மாடியில் கதவோரம் உட்கார்ந்தான்.

அன்று யாருக்கும் மனம் அடங்கியிருக்காது. எனக்கு அடங்கவில்லை. சன்னல் இருண்டது. அய்யாவு தொடங்கவில்லை. பாய்தான் தொடங்கினார். எல்லாரும் சொன்னோம். "சாமீ."

கதவோரத்திலிருந்து, வீட்டில் பின்கட்டிலிருந்து பதில் சொல்லும் பையனைப்போல, யோசிக்காமல் ஒரு குரல் வந்தது.

"ஏனுங்கப்பா?"

"வா" என்றார் அய்யாவு. "இங்க வந்து உக்காரு."

பழனி எழுந்து வந்தான். இருட்டில் யார் காலையோ மிதித்துவிட்டான். மிதிபட்டவர் காலை மடக்கி வழி விட்டார்.

அதன் பிறகு ஒரு வருஷங்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் அவர் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். யார் நிழல் தெருவில் விழுந்தாலும், நெய் வாங்க வந்தவரோ, வழி கேட்க வந்தவரோ, "வாங்க, மேல வாங்க" என்பார். தூரத்துக் காதுக்கும் கேட்கவேண்டும் என்பதுபோல உரக்கச் சொல்வார்.

என்னிடம் தங்கியது அந்த "வாங்க". நம்பிக்கை அல்ல. அது எனக்கு இன்னும் வரவில்லை. சேலத்தில், கல்லூரி விடுதியில், என் அறையில் தனியே உட்கார்ந்தால், பழையபடி, எழுந்துவிடுகிறேன். ஆகவே வாரத்தில் ஒரு மாலை கதவைத் திறந்து வைக்கிறேன். விடுதிச் சமையற்காரர் வருகிறார். கணித ஆசிரியர் ஒருவர் வருகிறார். மற்றவர்கள் நடைவழியில் தயங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாரையும் அழைக்க எனக்குக் கூச்சம். இருந்தாலும் சத்தமாக அழைக்கிறேன்.