மலர்க்கொடி டீச்சர் வாசித்த பட்டியல்

கடலூரில் யார் வீட்டுக் காதுகுத்தானாலும், எந்தச் சங்கத்தின் ஆண்டு விழாவானாலும், மைக்கைப் பிடித்து "அடுத்ததாக..." என்று ஆரம்பிப்பது மலர்க்கொடி டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம், மேடையில் தொகுத்து வழங்குவது. வார்டு கவுன்சிலரை அவர் அறிமுகப்படுத்தினால்கூட, இந்த மனுஷனுக்கு ஒரு கோயில் கட்டினால் என்ன என்று ஜனங்களுக்குத் தோன்றிவிடும். அப்படி ஒரு வாய்.

அந்த வாய் 2010இல் வீட்டில் அடங்கிக் கிடந்தது. கணவர் ராஜவேலுக்குச் சர்க்கரை. பல வருஷமாக ஒத்துக்கொண்ட மாத்திரையை நிறுத்திவிட்டு, டாக்டர் சேரன் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றே மாதத்தில் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"ஃபாரின்லயே இதாம்மா ஓடுது. உப்பக் கொறைங்க" என்றார் சேரன். உப்பு குறைந்தது, வீக்கம் குறையவில்லை. மனுஷன் படுத்துவிடுவாரோ என்று டீச்சருக்குப் பயம் பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் டாக்டர்கள் மாநாடு. தொகுத்து வழங்க டீச்சரைக் கூப்பிட்டார்கள். முதல் பேச்சே சேரனுடையது. மாநாட்டுச் செயலாளர் வைத்திலிங்கம், அவரைப் பற்றிய குறிப்போடு இன்னொரு தாளையும் நீட்டினார்.

"இது என்ன சார்?"

"பேசறவரு எந்தெந்த மருந்துக் கம்பெனிகிட்ட என்னென்ன வாங்குனாருன்னு சபையில சொல்லிடணுமாம். மெட்ராஸ்ல புதுசா ரூல் போட்டுருக்காங்க. சும்மா ஃபார்மாலிட்டி, கடகடன்னு படிச்சிடுங்க."

கடகடவென்று படிப்பதா? டீச்சர் ஆயுளில் எதையும் அப்படிப் படித்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீல்வரா நிறுவனம் சிங்கப்பூர் அழைத்துச் சென்று சிறப்பித்த செம்மல்! திரிசான் நிறுவனம் குடும்பத்தோடு கொடைக்கானலில் குளிர்வித்த கோமான்!"

அடேயப்பா, என்ன கைதட்டல்! சேரன் எழுந்து நாலாபக்கமும் கும்பிட்டார். அடுத்துப் பேச வேண்டியவர் மேடையோரம் ஓடிவந்து, "டீச்சர், என்னுதுல பாங்காக் விட்டுப்போச்சு, சேத்துக்குங்க" என்று கிசுகிசுத்தார். வெட்கமாவது மண்ணாவது!

டீச்சருக்கு அது காதில் ஏறவில்லை. நீல்வரா. தினமும் காலையில் கத்தரிக்கோலால் வெட்டிக் கணவருக்கு எடுத்துக் கொடுக்கும் மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்கும் பெயர் அதுதான். பழைய மாத்திரை ஏன் நின்றது என்று இப்போது விளங்கியது. அடப் பாவி மனுஷா என்று மனசு எரிந்தது. சாயங்காலம் நன்றி சொல்லும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அரங்கம் தந்தவர்களுக்கு நன்றி, விருந்து தந்தவர்களுக்கு நன்றி. டாக்டர் சேரன் சிங்கப்பூர் போய்வரத் தன் இரண்டு கால்களையும் வீங்கக் கொடுத்த என் கணவர் ராஜவேலுக்கும் நன்றி!"

பழக்கதோஷத்தில் அதற்கும் கை தட்டினார்கள். பாதியில் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சேரன் வேர்த்து விறுவிறுத்து மேடைக்கு வந்தார். "நாளைக்கே அவர கூட்டியாங்கம்மா, மாத்திரைய மாத்திடலாம்."

மறுநாள் மாற்றியும் கொடுத்தார். டீச்சர் பக்கத்து மருந்துக்கடையில் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். திரிசான். நேராக மறுபடி டாக்டர் அறைக்குள் போனார்.

"டாக்டர், நேத்து நான் வாசிச்சதுல இல்லாத கம்பெனி மாத்திர ஏதாவது இருக்கா?"

சேரன் நிஜமாகவே யோசித்தார். "இருக்கும்மா. ஆனா அவுங்க ஆளு இன்னும் என்னைய வந்து பாக்கலையே."

டீச்சர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, ராஜவேலைக் கைத்தாங்கலாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள் ராஜவேல் தானே செருப்பை மாட்டிக்கொண்டு, "மலரு, கடத்தெருவுக்குப் போயிட்டு வரேன்" என்றார். டீச்சர் அடுப்படியில் நின்று நன்றாக அழுதார்.

மறுவருஷ மாநாட்டுக்கு டீச்சரைக் கூப்பிடவில்லை. அந்தப் பட்டியலை யாரும் வாசிக்கவும் இல்லையாம். திரையில் பொடி எழுத்தில் போட்டு, ஜனங்கள் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்களாம்.