அம்மா தேய்த்து அழித்த அம்புக்குறி

அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் என் காலைப்பொழுது, நன்றாகத் தெரிந்த மனிதர்களிடம் அவர்கள் பெயரைக் கேட்பதில் தொடங்குகிறது. முந்தின நாள் முழுக்க என்னோடு பேசிச் சிரித்தவர், வீட்டு நாய்க்குட்டி வரைக்கும் போட்டோ காட்டியவரிடமே, மறுநாள் அவர் கண்விழித்ததும் நான் மாத்திரைக் கிண்ணத்தோடு போய் நின்று, "உங்கள் முழுப் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்க வேண்டும். மத்தியானம் ஊசி போடும்போது மறுபடியும் கேட்க வேண்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையோடு பதிலை ஒத்துப்பார்த்த பிறகுதான் மருந்து கைமாறும். வந்த புதிதில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெரியவர் ஒருவர், மூன்றாவது நாள் நான் கேட்டதும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "போப்பாண்டவர்" என்றார். அந்த ஊர் நையாண்டி எனக்கு அப்போது பிடிபடவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் புத்தி தடுமாறிவிட்டது என்று பதறி டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "ரோமிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று பெரியவரைக் கேட்டார். வார்டே சிரித்தது. நான் மட்டும் இரண்டு நாள் கழித்துச் சிரித்தேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவளுக்கு இந்தப் பெயர் கேட்கும் சமாசாரம் லேசில் வராது. எங்கள் ஊரில் ஆளை அடையாளம் சொல்ல பிளாக், தெரு, அப்பா பார்க்கும் வேலை, இது போதும். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக்; அதனால் நான் 'கன்வேயர் ராமலிங்கம் பொண்ணு'. மளிகைக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அதுதான் என் பெயர். திருநெல்வேலிப் பக்கம், கோயம்புத்தூர்ப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் என்று திசைக்கொரு குடும்பமாக வந்து சேர்ந்த ஊரில், ஒருவரை ஒருவர் தெரிந்துவைத்திருப்பதுதான் சொந்தம். தெரிந்த முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் அயர்லாந்தில் முதல் ஆறு மாதம், கேட்கும்போதெல்லாம் கூசிக்கொண்டே கேட்டேன். பிறகு விஷயம் புரிந்தது. எதிரே இருப்பவரை நம்பாததால் கேட்பதில்லை. என்னையே நான் அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது என்றுதான் கேட்பது. இன்றைக்கு என்னைப்போல் கறாராகக் கேட்பவள் எங்கள் வார்டிலேயே கிடையாது. கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பெருமையோடுதான் போன முறை ஊருக்கு லீவில் போனேன். அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. வலது ரொம்ப மோசம் என்பதால் முதலில் அது, இடது பிறகு என்று முடிவு செய்திருந்தார்கள். அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் போனதும் முதல் வேலையாக ஆஸ்பத்திரியை ஒரு நோட்டம் விட்டேன். கைகழுவும் இடம் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா, கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று நான் குனிந்து நிமிர்ந்து பார்த்ததில் அப்பாவுக்கு மானம் போயிற்று. "ஏட்டி, நீ அம்மைக்கு ஆபரேஷன் பாக்க வந்தியா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியா?" என்றார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் சர்ஜன் வந்து, எந்தக் கால் என்று அம்மாவிடமே கேட்டு, வலது முழங்காலுக்கு மேலே கறுப்பு மார்க்கர் பேனாவால் பெரிய அம்புக்குறி போட்டுவிட்டுப் போனபோது எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. நாங்கள் அங்கே செய்வதும் இதுவேதான். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் போய்ப் பார்த்தால் அம்மா குளித்து, தலைவாரி, விபூதி பூசி, பளிச்சென்று கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆபரேஷனுக்கான பச்சைக் கவுனும் போட்டாயிற்று. பாதத்தைச் சரியாக வைக்கலாம் என்று கவுனை லேசாக விலக்கினேன். வலது முழங்காலும் பளிச்சென்று இருந்தது. அம்புக்குறியைக் காணோம்.

"அம்மா, இங்க டாக்டர் போட்ட கோடு எங்க?"

"அந்தக் கறுப்பா? தேய்ச்சி எடுத்துட்டேன்லா. மொதல்ல சோப்புக்கு மசியலை. தேங்காண்ணெய வச்சி ஊறவிட்டேன், வந்துட்டு. டாக்டரு கை வைக்கப்போற காலு, அழுக்கோடயா போவாவ?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுதுபார்க்கும் ஒருவரின் சட்டையை முப்பது வருஷத்துக்கு மேல் துவைத்தவள். நிலக்கரித் தூசி ஒரு பக்கம், கிரீஸ் ஒரு பக்கம். எந்தக் கறை எண்ணெய்க்கு மசியும், எது மண்ணெண்ணெய்க்கு மசியும் என்பதில் அவள் கரைகண்டவள். பிளாக்கிலேயே அப்பா சட்டைதான் வெள்ளை என்று பேர் வாங்கியவள். அவள் கண்ணில் கறுப்பு என்றால் அழுக்கு. அழுக்கு என்றால் எடுத்தாக வேண்டும். அவள் உடம்பிலேயே யாரோ கறுப்பாகக் கிறுக்கிவிட்டுப் போனால் சும்மா விடுவாளா? அது எதற்கு என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை பேசும் நானும் சொல்லவில்லை.

அதே சமயம் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. கூடவே ஸ்டாஃப் நர்ஸ் தனலட்சுமி, ஊசித் தட்டோடு. தனலட்சுமி முத்தாண்டிக்குப்பத்துக்காரி. முதல் நாளே எங்களோடு ஒட்டிக்கொண்டவள். அவள் வீட்டுக்காரரும் மைன்ஸில் கான்ட்ராக்டில் பெல்ட் வேலைதான் பார்க்கிறார் என்று அப்பாவோடு அரைமணி நேரம் பேசியிருந்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் அம்மாவைக் கொஞ்சம் மயக்கமாக்கும் ஊசியை அவள் போட வேண்டும். நான் நடுவில் நின்றேன்.

"சிஸ்டர், அம்புக்குறி அழிஞ்சுபோச்சு. சர்ஜன் வந்து திரும்பப் போடட்டும். அதுக்கப்புறம் ஊசி."

"கேஸ் ஷீட்ல ரைட்டுன்னு கொட்டையா எழுதியிருக்குக்கா. உள்ள போனா அவங்களே போட்டுக்குவாங்க. தியேட்டர்லேந்து கூப்ட்டுகினே இருக்காங்க."

"காகிதம் கால்ல ஒட்டியிருக்காது சிஸ்டர். உள்ள துணி போட்டு மூடினப்புறம் ரெண்டு முட்டியும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அம்மாவும் மயக்கத்துல இருப்பாங்க."

தனலட்சுமி அம்மாவைக் குனிந்து பார்த்தாள். "எந்தக் காலும்மா வலிக்குது?"

"ரெண்டுந்தான்" என்றாள் அம்மா. "இன்னைக்கு இடதுதான் கூட வலிக்கி. எதுன்னு டாக்டருக்குத் தெரியாதா என்ன!"

அம்மா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பதிலை உள்ளே யாராவது கேட்டு, அதையே எடுத்துக்கொண்டு இடது காலை அறுத்துவிட்டால், ரொம்ப மோசமான வலது காலோடு அம்மா என்ன செய்வாள்? "எங்க ஆஸ்பத்திரில இப்படி ஒரு பேஷண்டக் கதவத் தாண்ட விடமாட்டோம்" என்று குரலை உயர்த்தினேன். சொல்லியிருக்கக் கூடாது. தனலட்சுமியின் முகம் மாறிவிட்டது.

"அது உங்க ஊருங்க்கா. அங்க ஒரு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் நிப்பாங்க. இங்க இந்த வார்டு முழுக்க நாந்தான் ஓடிகினு இருக்கேன்."

உங்க ஊர். வடக்குத்து எல்லையில் நின்றுகொண்டு, நெய்வேலியில் பிறந்த என்னைப் பார்த்துச் சொல்கிறாள். சுருக்கென்றது. பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, யாரிடம் என்றில்லாமல், தலையில் கைவைத்துக்கொண்டு, "டேக்கைல்லா கழட்டிப்புட்டா" என்றார்.

தனலட்சுமி திரும்பினாள். "இன்னா சார் சொன்னீங்க?"

"பெல்ட்டுல கை வைக்குமுன்ன ஸ்விட்சுல டேக் மாட்டுவோம்லா? உள்ள ஆள் இருக்குன்னு. அதக் கழட்டிட்டா இவ."

பெல்ட் பழுதுபார்க்க ஆள் உள்ளே இறங்குமுன், மின்சாரத்தை நிறுத்தி, ஸ்விட்சில் தன் பெயரெழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிடுவார். மாட்டினவர் வெளியே வந்து தன் கையால் எடுக்கும் வரை வேறு யாரும், மேலதிகாரியே ஆனாலும், அதைத் தொடக் கூடாது. மைன்ஸ்காரர் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தனலட்சுமி ஊசித் தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பெல்ட்டுல எறங்கியிருக்கறப்ப எவனாவது டேக்க எடுத்துட்டான்னா, மாட்டினவரு வந்து மறுபடி மாட்டுற வரைக்கும் ஒருத்தரும் ஸ்விட்ச்சத் தொடமாட்டாங்க" என்றாள், தனக்குத் தானே சொல்வதுபோல. பிறகு போனை எடுத்தாள். "சார், நான் வார்டு சிஸ்டர். பேஷண்ட்டு மார்க் அழிஞ்சிடுச்சுங்க. நீங்க வந்து போட்டாத்தான் அனுப்புவேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, தனலட்சுமி "பரவால்லைங்க சார், வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். சர்ஜன் விறுவிறுவென்று வந்தார். கடுகடுவென்றுதான் வந்தார். அம்மா தேங்காய் எண்ணெய் வைத்தியத்தை விளக்கியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்து, காலை மடக்கிப் பார்த்து, இன்றைக்கு ஆபரேஷன் வலதுக்கு என்று அம்மா வாயாலேயே சொல்லவைத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு முன்னைவிடப் பெரிதாகப் போட்டார். "இத அழிக்கக் கூடாதும்மா. இது டாக்டர் மாட்டுன டேக்கு" என்றாள் தனலட்சுமி. அம்மாவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. "இத நேத்தே சொல்லியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?" என்று என்னைத்தான் முறைத்தாள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான் லீவு முடிந்து கிளம்புவதற்குள் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தாள். அந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு மாற்றம் வந்துவிட்டது. அங்கே இப்போது குளித்து முடித்த பிறகுதான் அடையாளம் போடுகிறார்கள். போட்டதும் தனலட்சுமி போய், "டேக்குங்க, தொடாதீங்க" என்கிறாள். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் சுரங்க வேலைக்காரர்கள். வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. நான் படித்த ஆங்கில வார்த்தைகளையெல்லாம் அடுக்கியிருந்தால் அந்த வார்டில் ஒருத்தருக்கும் உறைத்திருக்காது.

அயர்லாந்து திரும்பி, எங்கள் வார்டுக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லோரும் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார்கள். முடிவில் ஒருத்தி, அந்த ஆஸ்பத்திரிக்கு நல்ல மார்க்கர் பேனாக்கள் வாங்கி அனுப்பலாமா என்று கேட்டாள். சிரித்துவிட்டு, பேனாவில் குறையில்லை, பேஷண்ட்டிடம் காரணம் சொல்லாததில்தான் குறை, நாமும் சொல்வதில்லையே என்றேன். அன்றிலிருந்து நான் சொல்கிறேன். முதலில் சொன்னது ஓர் ஆட்டுப்பண்ணைக்காரரிடம். காலில் இருந்த அம்புக்குறியைப் பார்த்து, "என் ஆட்டுக்கும் இப்படித்தான் சாயம் அடிப்பேன், மாறிப்போகாமல் இருக்க" என்றார். இந்த முறை நான் உடனே சிரித்தேன்.

இந்த வாரம் அம்மாவுக்கு இடது முழங்கால். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். டிக்கெட்கூடப் பார்த்துவிட்டேன். அம்மாதான் போனில், "நீ எதுக்கு அலையுத? தனம் இருக்கால்லா" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை. நான் போய் நிற்காவிட்டாலும் அம்மாவின் கால் பத்திரம் என்றால், அன்று சண்டை போட்டது வீண் இல்லை. அது நன்றாகத் தெரிந்தும், போனை வைத்துவிட்டு அழுதேன்.

இன்று காலை இங்கே மழை. அங்கே மதியம், அம்மாவை அழைத்துப்போகும் நேரம். தனலட்சுமிக்குப் போன்செய்து, "உள்ள போற வரைக்கும் கூட இரு, தனம்" என்றேன். "இருக்கேங்க்கா, கையப் புடிச்சிகினுதான் இருக்கேன்" என்றாள். போனை வைத்துவிட்டு வார்டுக்குள் வந்தேன். முழங்கால் அறுவைக்குக் காத்திருந்த ஒரு பாட்டியின் கட்டில் பக்கத்தில் இருந்த டெலிபோன் அடித்தது, எடுத்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து அவர் மகள். அங்கே சாயங்காலமாம், ஒரு வேலையும் ஓடவில்லையாம். தன் அம்மா உள்ளே போகும் வரை நான் பக்கத்தில் இருக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இருக்கிறேன் என்றேன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.